புதுச்சேரியை நட்டு வளர்த்த பிரான்சுவா மர்த்தேன்

ஒரு கன்றை நடுவதற்கு ஒரு நாழிகை போதும். அது வேர் பிடித்து, கிளை விட்டுக் காய்க்கும் வரை காப்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். உழவர் குடும்பங்களில் பிறந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர்களின் வரலாறும் இப்படிப்பட்டதுதான்.

வரலாற்றுப் பாடத்தில் கர்நாடகப் போர்களைப் படிக்கும்போது தூப்ளே, கிளைவ் ஆகியோரின் பெயர்களை நாம் மனப்பாடம் செய்கிறோம். எந்த ஆண்டில் யார் எந்தக் கோட்டையைப் பிடித்தார் என்று எழுதி மதிப்பெண் பெறுகிறோம். ஆனால் பல்லாயிரம் கல் தொலைவிலிருந்து கப்பலேறி வந்த சிலர், மொழி தெரியாத ஒரு கரையில் எதை உண்டு, யாரை நம்பி, எப்படிக் காலூன்றினார்கள்? இக்கேள்விக்கு விடை தேடிச் சென்றால் நமக்குக் கிடைக்கும் பெயர் பிரான்சுவா மர்த்தேன். வாளால் புகழ் பெற்ற வீரர் அல்லர் அவர். கணக்கு எழுதத் தெரிந்த ஒரு கடைப் பணியாளர். அவர் வாழ்க்கையைக் கற்றால், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடல் கடந்து அமைத்த குடியேற்றங்கள் எவற்றால் உயிர் வாழ்ந்தன என்பதையும் கற்றவர்கள் ஆவோம்.

கடைப் பணியாளர் கப்பல் ஏறுகிறார்

மர்த்தேன் 1634ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையின் மறைவுக்குப் பின் வீட்டில் அவருக்கு ஆதரவு இல்லை. ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். மரி கூப்பர்லி என்ற ஏழைப் பெண்ணை மணந்துகொண்டதால் அந்த வேலையும் பறிபோயிற்று. மனைவி மக்களைக் காப்பாற்ற வழியின்றித் தவித்த நேரத்தில்தான் ஒரு புதிய கதவு திறந்தது.

ஆங்கிலேயர் 1600லும், டச்சுக்காரர் 1602லும் கிழக்கிந்தியக் கம்பெனிகளை அமைத்து, மிளகும் துணியும் ஏற்றிப் பெரும் பொருள் ஈட்டிக்கொண்டிருந்தனர். பிரான்சு பின்தங்கி நின்றது. பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர் 1664ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை ஏற்படுத்தினார். மர்த்தேன் அதில் ஒரு சிறு உத்தியோகத்தில் சேர்ந்து, 1665ஆம் ஆண்டு கம்பெனியின் முதல் கப்பல் கூட்டத்தோடு புறப்பட்டார். அன்று விடை கொடுத்த மனைவியோடு அவர் மீண்டும் சேர்ந்து வாழ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அந்த நீண்ட காலத்தில் மரி பாரிஸ் சந்தையில் மீன் விற்றுப் பிழைத்தார் என்று கூறுவர். பெரியோர் வரலாறுகளில் இத்தகைய பெண்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. நாம் அவரை மறக்கலாகாது.

பசி கற்பித்த பாடம்

கப்பல் முதலில் சென்றது மடகாஸ்கர் தீவுக்கு. அங்கே தோபேன் கோட்டை என்ற இடத்தில் பிரெஞ்சுக்காரர் 1640களிலேயே குடியேறியிருந்தனர். அத்தீவை இன்னொரு பிரான்சாக மாற்றிவிடலாம் என்பது அவர்கள் கனவு. ஆனால் வந்தவர்களுள் பலருக்கு உழவு தெரியாது. உணவு குறைந்தபோதெல்லாம் தீவு மக்களின் மாடுகளையும் தானியத்தையும் பறித்தனர். பறிகொடுத்தவர்கள் பகைவராயினர். காய்ச்சல் ஒரு பக்கம், பட்டினி ஒரு பக்கம், சண்டை ஒரு பக்கம். முடிவில் 1674ஆம் ஆண்டு, பலரைப் பலி கொடுத்தபின், எஞ்சியவர்கள் அந்தக் கோட்டையைக் கைவிட்டு ஓடினர். மர்த்தேன் அதற்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டார். எனினும் அங்கே சில ஆண்டுகள் கண்ணால் கண்டதை அவர் ஆயுள் முழுதும் மறக்கவில்லை.

உலகின் மறுபக்கத்திலும் இதே கதைதான். ஆங்கிலேயர் 1607ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுன் என்ற ஊரை அமைத்தனர். தொடக்கத்தில் அங்கிருந்த செவ்விந்தியர் தந்த சோளமே அவர்களைக் காத்தது. அவர்களோடு பகை மூண்ட பின், 1609ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில், நூற்றுக்கணக்கானோர் பசியால் மாண்டு ஏறத்தாழ அறுபது பேரே பிழைத்தனர். பிரெஞ்சுக்காரர் சாம்ப்லேன் 1608ஆம் ஆண்டு கனடாவில் குபெக் நகரை நிறுவியபோது, அவருடன் சேர்ந்து முதல் குளிர்காலத்தைக் கழித்த 28 பேரில் 8 பேரே உயிரோடு இருந்தனர். பிறகு குடும்பங்கள் பெருகினால்தான் ஊர் நிலைக்கும் என்று உணர்ந்த பிரான்சு மன்னர், 1663க்கும் 1673க்கும் இடையே ஏறக்குறைய 800 இளம்பெண்களைத் தம் செலவில் கனடாவுக்கு அனுப்பினார். அவர்களுள் பலர் பெற்றோரை இழந்தவர்கள். நம் வயதை ஒத்த பெண்களும் அவர்களிடையே இருந்தனர். அறியாத நாட்டில், அறியாத ஒருவரை மணந்து, பனியில் காடு திருத்திய அப்பெண்கள்தாம் கனடாவின் பிரெஞ்சு மக்களுக்கு மூதாதையர்.

அமெரிக்காவில் குடியேறியவர்கள் நிலத்தைத் தமதாக்கிக்கொண்டு தாமே உழுதனர். இந்தியாவில் அது இயலாத காரியம். இங்கே ஏற்கெனவே மன்னர்கள் இருந்தனர், ஊர்கள் இருந்தன, உலகமே விரும்பும் துணியை நெய்யும் தறிகள் இருந்தன. ஆகவே இங்கு வந்தவர்கள் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் 1639ஆம் ஆண்டு சென்னையில் இடம் பெற்றதும் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் அளித்த அனுமதியால்தான். நெசவாளரையும் வணிகரையும் வரிச்சலுகை காட்டி அழைத்துக் குடியமர்த்திய பின்னரே அங்கு நகரம் உண்டாயிற்று.

புதுச்சேரியில் முதல் அடி

மர்த்தேன் சூரத்திலும் மசூலிப்பட்டினத்திலும் பணியாற்றி, இந்நாட்டு வணிகத்தின் நெளிவு சுளிவுகளைக் கற்றார். 1672ஆம் ஆண்டு தெ லா ஆய் என்ற பிரெஞ்சுத் தளபதி சென்னையை அடுத்த சாந்தோமைக் கைப்பற்றினார். உடனே கோல்கொண்டா சுல்தானின் படை நிலத்திலும், டச்சுக் கப்பல்கள் கடலிலும் அவரை வளைத்தன. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு வீரத்தில் குறைவில்லை. சோற்றுக்குத்தான் வழியில்லை.

உணவும் வெடிமருந்தும் தேடி பெலாஞ்சே தெ லெஸ்பினே என்ற இளைஞர் தெற்கே அனுப்பப்பட்டார். இன்றைய பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள வாலிகண்டபுரத்தில் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக ஷேர்கான் லோடி இருந்தார். அவர் பிரெஞ்சுக்காரருக்கு உதவ முன்வந்து, கடலோரச் சிற்றூராகிய புதுச்சேரியில் தங்கிக்கொள்ள இடமளித்தார். 1673ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் லெஸ்பினே அங்கே வந்து சேர்ந்தார். ஆகப் பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரம், முற்றுகையில் வாடியோருக்கு உணவு அனுப்பும் இடமாகத்தான் தொடங்கியது! அடுத்த ஆண்டு ஜனவரியில் அதே பணிக்காக மர்த்தேனும் அங்கு அனுப்பப்பட்டார். செப்டம்பரில் சாந்தோம் வீழ்ந்தது. தளபதி தாய்நாடு திரும்பினார். ஒரு சில தோழர்களுடன் மர்த்தேன் மட்டும் புதுச்சேரியில் தங்கிவிட்டார்.

வாழ வைத்தவர்கள்

கையில் படை இல்லை. கம்பெனியின் பெட்டியில் பணமும் அதிகம் இல்லை. பிரான்சிலிருந்து கப்பல் வர ஆறு மாதத்துக்கு மேலாகும். சில ஆண்டுகளில் கப்பல் வரவே வராது. இந்நிலையில் மர்த்தேன் நம்பியது மூன்றை: நாட்டை ஆள்வோரின் நல்லெண்ணம், வணிகரிடம் தவறாத நாணயம், உழைக்கும் மக்களின் வரவு.

ஷேர்கான் லோடிக்குப் பணமுடை ஏற்பட்டபோது மர்த்தேன் கடன் கொடுத்து உதவினார். அக்கடனுக்கு ஈடாகப் புதுச்சேரியின் வருவாய் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. 1677ஆம் ஆண்டு சத்ரபதி சிவாஜி பெரும்படையோடு தெற்கே வந்து செஞ்சியைக் கைப்பற்றினார். ஷேர்கான் லோடி அவரிடம் தோற்றார். காத்தவர் வீழ்ந்ததும் காக்கப்பட்டவர் கதி என்ன? மர்த்தேன் போரிடவில்லை, ஓடவும் இல்லை. தூதரைக் காணிக்கைகளுடன் அனுப்பினார். போரில் எவர் பக்கமும் சேராமல் வணிகம் மட்டும் செய்வதாயின் இருக்கலாம் என்று சிவாஜி இசைந்தார். சிவாஜியின் தென்னாட்டுப் படையெடுப்பை ஆராய்வோர் இன்றும் மர்த்தேனின் நினைவுக் குறிப்புகளைச் சான்றாகக் கொள்கின்றனர். தாம் கண்டதையும் கேட்டதையும் ஒவ்வொரு ஆண்டும் பொறுமையாக எழுதி வைத்த பழக்கம் அவரை வரலாற்றாசிரியராகவும் ஆக்கிவிட்டது.

இனி மக்களைப் பற்றிச் சொல்வோம். பூந்தமல்லியைச் சேர்ந்த தானப்ப முதலியார் என்ற கத்தோலிக்க வணிகரை மர்த்தேன் அழைத்து வந்தார். அவர் மூலமாக மற்ற வணிகரும் வந்தனர். வணிகர் முன்பணம் கொடுக்க, நெசவாளர் துணி நெய்தனர். சாயம் தோய்ப்போர் அதற்கு நீலம் ஏற்றினர். வண்ணார் வெளுத்துக் கொடுத்தனர். நம் மாவட்டத்துச் சின்னாளப்பட்டியில் தறி ஓசையைக் கேட்டவர்களுக்கு ஒரு சேலைக்குப் பின்னால் எத்தனை கைகள் உள்ளன என்பது தெரியும். அன்று புதுச்சேரியின் ஒவ்வொரு துணிக் கட்டுக்குப் பின்னும் அத்தனை கைகள் இருந்தன.

துணி தயாரானால் போதுமா? புதுச்சேரியில் அக்காலத்தில் கப்பல் அணையும் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணி அடித்த படகுகள் அந்த அலைகளில் மோதிப் பிளந்துவிடும். பலகைகளைக் கயிற்றால் தைத்து இணைத்த சலங்கு என்னும் படகுகளே வளைந்து கொடுத்துத் தாங்கும். அவற்றைச் செலுத்தத் தெரிந்தவர்கள் நம் கரையோரத்து மக்களே. மன்னர் லூயியின் ஆணை எத்துணை வலிமை உடையதாயினும், கப்பலுக்கும் கரைக்கும் இடையே உள்ள அந்தச் சிறு தூரத்தைக் கடக்கத் தமிழ்ப் படகோட்டியின் துடுப்பு வேண்டியிருந்தது!

கப்புச்சின் துறவியர் தொடக்க ஆண்டுகளிலேயே அங்கு ஆன்மப் பணி ஆற்றினர். பின்னர் இயேசு சபையினரும் வந்தனர். 1681ல் சூரத்துக்கு மாற்றப்பட்ட மர்த்தேன் 1686ல் திரும்பி வந்தார். அவ்வாண்டளவில் மரியும் வந்து சேர்ந்து, அந்தக் குடும்பத்தின் நீண்ட பிரிவு முடிவுற்றது.

வீழ்ச்சியும் மீட்சியும்

ஐரோப்பாவில் பிரான்சுக்கும் டச்சு நாட்டுக்கும் 1688ல் போர் மூண்டது. அதன் நெருப்பு இங்கும் பரவியது. 1693ஆம் ஆண்டு டச்சுக்காரர் ஒரு பெரிய கப்பற்படையைக் கொண்டு புதுச்சேரியை முற்றுகையிட்டனர். அந்த ஆண்டின் பிப்ரவரி மாதத்தில்தான் நம் மறவ நாட்டு ஓரியூரில் புனித அருளானந்தர் தம் இரத்தத்தைச் சிந்தியிருந்தார். மதுரையில் ராணி மங்கம்மாள் பேரனுக்காக ஆட்சி நடத்திய காலம் அது. நம் திண்டுக்கல் சீமையும் அந்த மதுரை அரசுக்கு உட்பட்டிருந்தது.

மர்த்தேனிடம் இருந்தவை சில பீரங்கிகளும் சில நூறு பேருமே. உதவிக்கு ஒரு கப்பலும் வரவில்லை. இரு வாரங்களுக்குள், செப்டம்பர் மாதத்தில், அவர் சரணடைய நேர்ந்தது. இருபது ஆண்டு உழைப்பு ஒரு நாளில் கைமாறிற்று. அவரைக் கைதியாக ஜாவாத் தீவின் பத்தாவியாவுக்குக் கொண்டு சென்றனர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ அறுபது. விடுதலை பெற்றதும் வங்காளத்துச் சந்திரநாகூருக்குச் சென்றார். அங்கே அவருடைய மருமகன் தெலாந்து பிரெஞ்சுக் குடியேற்றத்தை நடத்தி வந்தார்.

1697ஆம் ஆண்டின் ரைஸ்விக் உடன்படிக்கைப்படி புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. 1699ல் பெரும்பணம் கொடுத்த பின்னரே டச்சுக்காரர் வெளியேறினர். ஆனால் அவர்கள் விட்டுச் சென்றது பாழடைந்த ஊரன்று. கோட்டையை வலுப்படுத்தியிருந்தனர். தெருக்களை நூல் பிடித்தாற்போல் நேராக அமைக்கத் திட்டம் வரைந்திருந்தனர். மர்த்தேன் பகைவரின் நல்ல வேலையைப் பகை பாராட்டி அழிக்கவில்லை. அதையே தொடர்ந்தார். இன்று புதுச்சேரிக்குச் சுற்றுலா செல்வோர் வியந்து பார்க்கும் நேர் தெருக்களின் கதை இதுவே.

1701ஆம் ஆண்டு புதுச்சேரி இந்தியாவிலுள்ள எல்லாப் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கும் தலைமையிடமாயிற்று. மர்த்தேன் அதன் ஆளுநராகத் தொடர்ந்தார். அந்த ஆண்டுகளில் இந்துக் கோயில்கள் குறித்து ஊரில் தகராறுகள் எழுந்தன. கோயிலை மூட வேண்டும் என்று குருக்களில் சிலர் விரும்பினர். நெசவாளரும் வணிகரும் ஒன்றுகூடி, அவ்வாறு நடந்தால் ஊரைவிட்டே போய்விடுவோம் என்று தெரிவித்தனர். அவர்கள் போய்விட்டால் எஞ்சுவது மணலும் கடலுமே என்பதை மர்த்தேன் அறிந்திருந்தார். ஆகவே இறங்கி வந்தார். ஆயுதம் ஏந்தாத மக்கள், கூடி நின்ற ஒற்றுமையால் ஓர் அரசைத் திருத்தினார்கள். பிறர் வழிபாட்டை மதிக்க வேண்டும் என்று இன்று நம் திருச்சபை கற்பிக்கிறது. அந்த நாளில் அப்பாடத்தை நெசவாளர் கற்பித்தனர் என்றால் மிகையாகாது.

ஐந்து முனைகள் கொண்ட லூயி கோட்டை 1706ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், புனித லூயி திருநாளன்று திறந்து வைக்கப்பட்டது. அந்த ஆண்டின் கடைசி நாளாகிய டிசம்பர் 31ல் மர்த்தேன் கண்ணை மூடினார். அவர் உடல் அக்கோட்டையிலேயே அடக்கம் செய்யப்பட்டது. தாய்நாட்டை விட்டு வந்து அப்போது நாற்பத்தோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாம் கற்பது என்ன?

மர்த்தேனைப் புகழ்ந்து மட்டும் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. அவர் பணியாற்றியது இலாபம் தேடிய ஒரு கம்பெனிக்கு. அனுமதி கேட்டு வந்தவர்கள் அவருக்குப் பின் ஐம்பது ஆண்டுகளுக்குள் அரியணைகளை ஆட்டிப் படைத்தனர். கடன் கொடுத்து வரி வாங்கிய அந்தச் சிறு தொடக்கமே பின்னாளில் அடிமைத்தனமாக வளர்ந்தது. புதுச்சேரியில் சாயமேற்றிய நீலத்துணி பிற்காலத்தில் ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்று, அங்கே மனிதரையே விலைக்கு வாங்கவும் பயன்பட்டது. நெய்த நம் மக்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்து விற்றவர்கள் கடவுள்முன் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களே.

எனினும் ஒரு மனிதரிடம் உள்ள நல்லதைக் கற்காமல் விடுவதும் அறிவுடைமை அன்று. வேலை இழந்து நின்ற இளைஞர் மனம் தளரவில்லை. மடகாஸ்கரில் பறித்து வாழ முயன்றவர்கள் அழிந்ததைக் கண்டு, புதுச்சேரியில் கொடுத்து வாங்கி வாழ்ந்தார். அறுபது வயதில் அனைத்தையும் இழந்தபோதும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். பிறப்பால் வராத சிறப்பு உழைப்பால் வந்தது. மன்னர் அவருக்கு உயர்குடிப் பட்டம் வழங்கினார்.

அவர் எழுப்பிய லூயி கோட்டை இன்று இல்லை. 1761ஆம் ஆண்டு புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினர். அவர் கல்லறையும் அத்துடன் மறைந்தது. ஒரு தெரு மட்டும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிரெஞ்சு ஆட்சியும் 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அகன்றது. 1962ல் சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தது. கோட்டை போயிற்று, கம்பெனி போயிற்று, கொடியும் இறங்கிற்று. ஆனால் ஊர் இருக்கிறது. தறி நெய்தவரும் படகு செலுத்தியவரும் சுமை தூக்கியவரும் பெற்ற மக்களின் மக்கள் அதில் வாழ்கிறார்கள்.

நட்டவர் பெயரை வரலாறு எழுதி வைக்கிறது. நாள்தோறும் நீர் ஊற்றியவர் பெயரை எழுதுவதில்லை. இனி வரலாற்று நூலில் ஓர் ஆளுநரின் பெயரைப் படிக்கும்போதெல்லாம், அவருக்குச் சோறு அளித்த உழவரையும், துணி அளித்த நெசவாளரையும், கரை சேர்த்த படகோட்டியையும், தொலைவில் மீன் விற்றுக் காத்திருந்த மனைவியையும் நாம் சேர்த்து நினைப்போமாக.